சங்குப்பூ விதையின் ஒருவழிக் கதவு

வேலி முழுக்கச் சங்குப்பூ படர்ந்திருக்கும் வீட்டில் போய் நாலு விதை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது. விடிந்ததும் பூத்ததையெல்லாம் பூசைக்குப் பறித்துவிடுகிறார்கள்; சில ஆண்டுகளாக நீலத் தேநீர் என்று இன்னொரு செலவும் சேர்ந்துகொண்டது. பறித்த பூ காயாவதில்லை. செடிக்கோ பூ என்பது காய்க்கான ஏற்பாடு மட்டும்தான். பறிக்கப் பறிக்க அது விடாமல் பூக்கும். காய் பிடித்து முற்றத் தொடங்கினால் இலைகள் ஆக்கும் உணவில் பெரும்பங்கு அங்கே போய்விடும், பூ குறையும். ஆகவே விதை வேண்டும் என்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, நன்றாகப் பூக்கும் ஒரு கிளையில் நூலைக் கட்டி, இதைத் தொடாதீர்கள் என்று வீட்டில் சொல்லிவைப்பது. மிச்சக் கிளைகள் பிள்ளையாருக்குப் போதும்.

ஒரே ஒரு கொடி இருந்தாலும் விதை எடுக்கலாம். சங்குப்பூ அவரை, துவரை, தட்டைப்பயறு எல்லாம் அடங்கிய பயறுக் குடும்பத்துக் கொடி. மொட்டு விரிவதற்கு முன்பே உள்ளே மகரந்தப்பைகள் வெடித்து, பூ தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்கிறது. விரிந்த பிறகு வரும் தேனீக்கும் கருவண்டுக்கும் பெரிதாக வேலை மிச்சமில்லை. அதனால்தான் நீலக்கொடியின் விதையிலிருந்து நீலமும் வெள்ளைக்கொடியின் விதையிலிருந்து வெள்ளையுமே அநேகமாக வருகின்றன. அடுக்குப்பூ வகையிலும் காய் பிடிக்கும். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் உள்ள கருவிளையையும் செருவிளையையும் இந்த நீலச் சங்காகவும் வெள்ளைச் சங்காகவும் பொதுவாகக் கொள்கிறார்கள். இரண்டு நிறத்தையும் தனித்தனியாகப் பார்த்துப் பழகியவர்கள் நம்மவர்கள்.

பூ வாடியதும் உள்ளிருந்து தட்டையான ஒரு காய் நீளும். 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். நுனியில் சின்ன மூக்கு இருக்கும். உள்ளே அதிகம் போனால் 10 விதைகள். பச்சைக் காயை உரித்துப் பார்த்தால் விதை மெத்தென்று, நகம் பட்டாலே நசுங்கும். அந்த நிலையில் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். இதே விதை நெற்றாகும்போது சுண்டிவிட்டால் தரையில் டக்கென்று ஒலிக்கும் அளவுக்குக் கெட்டிப்படுகிறது. இடையில் நடப்பதைத்தான் உலர்தல் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் உயிருள்ள பொருள் உலர்வது சாதாரண காரியமே அல்ல. ஒரு இலையைப் பறித்து அதன் நீரில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் போடுங்கள், இலை பிழைக்காது. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிவிடும், புரதங்கள் சுருண்டு கட்டியாகிவிடும். தண்ணீர் திரும்பி வரும்போது சேர்த்துக் கட்ட அங்கே எதுவும் ஒழுங்காக இருக்காது.

விதை இதற்கு முன்கூட்டியே தயாராகிறது. முற்றும் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அது இரண்டு வகைப் பொருள்களைச் சேர்த்துவைக்கிறது. ஒன்று சர்க்கரைகள். சாதாரணச் சர்க்கரையோடு ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற கூட்டுச் சர்க்கரைகளும் இதில் உண்டு. மொச்சையும் கொண்டைக்கடலையும் தின்றால் வயிற்றில் வாயு சேர்வதற்குக் காரணம் இவைதான். நம் குடலால் இவற்றைச் செரிக்க முடிவதில்லை, அங்குள்ள பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்கின்றன. நமக்குத் தொந்தரவாக இருப்பது விதைக்குக் காப்பு. இரண்டாவது, லியா என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதங்கள். 1981இல் பருத்தி விதையில் லியோன் டூர் என்பவரின் ஆய்வுக்குழு இவற்றை அடையாளம் கண்டது. தண்ணீர் விலகும்போது இந்தச் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து செல்லின் உட்பகுதியைக் கண்ணாடி போன்ற திடநிலைக்குக் கொண்டுபோகின்றன. வேதிவினைகள் நடக்க மூலக்கூறுகள் நகர வேண்டும். கண்ணாடி நிலையில் அவை நகர முடியாமல் கிடக்கும். விதை சாகாமலும் வளராமலும் ஆண்டுக்கணக்கில் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு பலவீனம் உண்டு. திருவிழாவில் வாங்கிய பஞ்சுமிட்டாயை ஈரக்காற்றில் வைத்தால் சற்று நேரத்தில் சுருங்கிப் பிசுபிசுத்துவிடுகிறதே, அதுவும் கண்ணாடி நிலையில் இருந்த சர்க்கரைதான். ஈரம் ஏறினால் கண்ணாடி இளகும். வெப்பம் ஏறினாலும் இளகும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இளகிய விதையில் மூலக்கூறுகள் மறுபடி நகரத் தொடங்கும். ஆனால் முளைக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது. பழுதுகள் சேரும், பழுது பார்க்க வழியிருக்காது. டப்பாவில் போட்டுவைத்த விதை ‘வீணாகிவிட்டது’ என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் நடந்த சாவு.

பச்சைக் காயைப் பறித்து வெயிலில் போட்டால் விதை சுருங்கிப் போவதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. உலர்வைத் தாங்கும் சக்தி கடைசியில்தான் வருகிறது. காய் மஞ்சளாகி, பழுப்பாகத் தொடங்கும்வரை கொடியிலேயே விட வேண்டும். மழை வந்துவிட்டது, விட்டுவைக்க வழியில்லை என்றால், காயைக் காம்போடு நறுக்கி, உரிக்காமல், நிழலில் மெதுவாகக் காயவிடலாம். மெதுவாக உலரும்போது விதை தன் தயாரிப்பைத் தொடர்ந்து செய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஓடு அந்த வேகத்தைக் குறைக்கிறது.

கொடியிலேயே விட்டால் வேறொரு சிக்கல். வெயில் ஏறிய வேளையில் நெற்று பட்டென்று வெடித்து இரண்டு ஓடாகப் பிரியும்; ஒவ்வொரு ஓடும் திருகு போல முறுக்கிக்கொள்ளும்; விதைகள் நாலாபக்கமும் தெறிக்கும். உயிரில்லாத ஓட்டுக்கு இந்த விசை எங்கிருந்து வந்தது? இதே இயல்புள்ள மந்தாரை நெற்றை எடுத்து இஸ்ரேல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஓட்டில் இரண்டு நார் அடுக்குகள் இருக்கின்றன. ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்வாகவும், மற்றதன் நார்கள் எதிர்ப்பக்கம் சாய்வாகவும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுகின்றன. நார் உலரும்போது நீளத்தில் அதிகம் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். ஆகவே இரண்டு அடுக்கும் வெவ்வேறு திசையில் இழுக்கின்றன. ஒட்டிக்கொண்டிருப்பதால் தட்டையாக இருக்கவும் முடியாது. முறுக்கிக்கொள்வது ஒன்றே வழி. இதைச் சரிபார்க்க அவர்கள் ரப்பர் தாள்கள் இரண்டை எதிரெதிர்த் திசையில் இழுத்துப் பிடித்து ஒட்டி, சாய்வாக நறுக்கினார்கள். நறுக்கிய பட்டைகள் நெற்றைப் போலவே முறுக்கிக்கொண்டன. பலூன் ரப்பரும் பசையும் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

நெற்று தெறிப்பதற்குள் பிடிக்க, பழுக்கத் தொடங்கிய காய்களைக் கொசுவலைத் துண்டால் சுற்றி நூலால் கட்டிவிடுங்கள். காற்று போகும், விதை வலைக்குள் விழும். பாலித்தீன் பை வேண்டாம். உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நாள்தோறும் பார்க்க முடிகிறவர்களுக்கு வலையும் தேவையில்லை. ஓடு பழுப்பாகி, காதருகே ஆட்டினால் விதை கலகலக்கும்போது பறித்துக்கொள்ளலாம். காலைப் பனியில் நெற்று சற்று ஈரமாக இருக்கும், வெடிக்காது. பறிக்க அதுதான் தோதான நேரம்.

இனி விதையின் தோலுக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் தலைப்பு அங்கேதான் இருக்கிறது.

சங்குப்பூ விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் சின்ன வெளிறிய தழும்பு தெரியும். காயோடு விதையை இணைத்திருந்த காம்பு அறுந்த இடம் அது. தட்டைப்பயறில் இது கண் மாதிரியே இருப்பதால் எல்லோரும் கவனித்திருப்பார்கள். அதைத் தொப்புளின் வடு என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்துபோன இடம் என்று எண்ணம். 1954இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஹைடு என்ற ஆய்வாளர், குளோவர் என்ற தீவனப் பயிரின் விதையிலும் லூபின் விதையிலும் இந்தத் தழும்பை நுணுகிப் பார்த்து எழுதிய கட்டுரை, விதை உலர்தலைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது.

அவர் கண்டது இது. விதையின் ஈரப்பதம் சுமார் 14 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் விதையுறை தண்ணீர் புகாத தோலாகிவிடுகிறது. அப்படியானால் உலர்தல் அங்கேயே நின்றுவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை. ஆனால் விதை தொடர்ந்து உலர்கிறது. எப்படி? தழும்பின் நடுவே ஒரு மெல்லிய பிளவு இருக்கிறது. அதன் விளிம்பில் உள்ள திசு காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும். வெளிக்காற்று உலர்வாக இருந்தால் அந்தத் திசு சுருங்கிப் பிளவு திறக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுகிறது. வெளிக்காற்று ஈரமானால் திசு உப்பிப் பிளவு மூடிக்கொள்கிறது. வெளி ஈரம் உள்ளே போக முடியாது. வெளியே மட்டும் திறக்கும் கதவு.

இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். இப்படிக் கெட்டித்தோல் பெற்ற விதையின் உள்ளே இருக்கும் ஈரம், இன்றைய காற்றைப் பொறுத்ததல்ல. அது இதுவரை சந்தித்த காற்றிலேயே மிக உலர்ந்த காற்று எதுவோ அதைப் பொறுத்தது. மாசி மாதத்தில் ஒரு பிற்பகல் கடும் உலர்வாக இருந்தால், அந்தப் பிற்பகலை விதை தனக்குள் பத்திரப்படுத்திக்கொள்கிறது. பிறகு ஐப்பசி மழை கொட்டினாலும் அது கவலைப்படாது. சங்குப்பூவும் இதே பயறுத் துணைக்குடும்பம். அதன் முற்றிய விதைகளிலும் இந்தக் கெட்டித்தோல் உண்டு.

பாசிப்பயறை இரவில் ஊறவைத்தால் காலையில் எல்லாம் ஊறியிருக்க, ஒன்றிரண்டு மட்டும் கல்லாகவே கிடக்கும். பல்லில் கடிபட்டால்தான் தெரியும். அவை கெட்ட பயறு அல்ல. கதவை மூடிக்கொண்ட பயறு. குன்றிமணியும் இதே குடும்பத்துக் கொடியின் விதைதான். பொற்கொல்லர்கள் அதை எடைக்கல்லாக வைத்துக்கொண்டதற்கு இந்தத் தோலும் உதவியிருக்கிறது. தண்ணீர் புகாத விதையின் எடை மழைக்காலத்தில் ஒன்றாகவும் கோடையில் வேறாகவும் ஆவதில்லை. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்ற கணக்கில், ஈரத்தில் ஊதிப்போகும் விதையை வைத்துப் பொன் நிறுத்திருக்க முடியாது. குன்றிமணியின் உள்ளே உள்ள அப்ரின் கொடிய நஞ்சு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோல் உடையாத வரைதான் அது பொம்மைக்குக் கண்.

ஆனால் ஒரு கொடியின் எல்லா விதையும் இப்படிக் கெட்டிப்படுவதில்லை. இங்கேதான் நம் ஊர்ப் பருவங்கள் உள்ளே வருகின்றன. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் இரவில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மதுரை, கரூர்ப் பக்கம் சித்திரைப் பிற்பகலில் அது 40க்கும் கீழே இறங்கும். சங்குப்பூவோ ஆண்டு முழுவதும் பூக்கிற கொடி. கார்த்திகை மழையில் முற்றிய நெற்றில் உள்ள விதைகள் போதுமான உலர்வைப் பார்த்திருக்காது. பலவற்றின் தோல் மூடியிருக்காது. அவை உடனே நட்டால் சுலபமாக முளைக்கும். வைத்திருந்தால் இரவுதோறும் ஈரம் குடித்து, பகலில் விட்டு, சீக்கிரம் களைத்துவிடும். மாசி தொடங்கிச் சித்திரை வரை முற்றிய விதைகளில் கெட்டிவிதை அதிகம் இருக்கும். முளைக்கப் பிடிவாதம் பிடிக்கும். வைத்தால் நாள்பட நிற்கும். சேமிக்க நினைப்பவர் கோடை நெற்றைத்தான் எடுக்க வேண்டும். மழைக்கால நெற்றை அப்போதே விதைத்துவிடுவது நல்லது.

விதையைக் காயவைக்கும்போது பலரும் வெயிலைத்தான் நம்புகிறார்கள். எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது என்று எண்ணம். உலர்த்துவது சூடு அல்ல, உலர்ந்த காற்று. சூடு அதற்கு உதவி செய்யும், அவ்வளவே. ஈரமுள்ள விதையைச் சுட்டெரிக்கும் மொட்டைமாடித் தரையில் நேராகப் பரப்பினால் அது காய்வதற்கு முன்பே வெந்துவிடும். ஈரம் அதிகமாக இருக்கும்போதுதான் விதை சூட்டைத் தாங்காது. காய்ந்த பிறகு ஓரளவு தாங்கும். 35 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. விதை உற்பத்தி செய்பவர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான நேரம் காலை 8 முதல் 12 வரை, பிறகு 3 முதல் 5 வரை. உச்சிவெயிலை விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு, முறத்தில் துணி விரித்து, காற்றோட்டமான தாழ்வாரத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பினாலே போதும். மறக்கக் கூடாத ஒன்று: பொழுது சாய்வதற்குள் விதையை எடுத்து மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்துவிட வேண்டும். இரவு முழுக்க முறத்திலேயே விட்டால், தோல் மூடாத விதைகள் பகலில் விட்ட ஈரத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்திக்குள் தானியத்தை வாரிக் குவித்து மூடும் களத்துமேட்டு வழக்கத்துக்குப் பின்னால் உள்ள இயற்பியல் இதுதான். பனியில் நனையும் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டோம்.

எவ்வளவு காய்ந்தால் போதும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயறு வகை விதையை 75 சதவீத ஈரக்காற்றில் நாள்கணக்கில் வைத்தால் அதன் ஈரப்பதம் சுமார் 14 சதவீதத்தில் நிற்கும். 30 சதவீத ஈரக்காற்றில் வைத்தால் 8க்குச் சற்றுக் கீழே இறங்கும். இந்த ஆறு சதவீத வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அமெரிக்க விதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த கைக்கணக்கு இப்படிச் சொல்கிறது: ஈரப்பதம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும். ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு! வெப்பநிலைக்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு 5 டிகிரி செல்சியஸ் குறைவுக்கும் ஆயுள் இரட்டிப்பாகும். இவை தோராயமான விதிகள். ஈரப்பதம் 5க்கும் 14க்கும் இடையில் இருக்கும்போதுதான் முதல் விதி பொருந்தும். 5க்கும் கீழே இன்னும் இன்னும் உலர்த்துவதால் அதே வேகத்தில் லாபம் வராது. என்றாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. பிரிட்ஜ் வாங்க முடியாதவர் கவலைப்பட வேண்டாம்; முதலில் நன்றாக உலர்த்தட்டும்.

ஹாரிங்டனின் இன்னொரு விதி மனதில் வைக்க எளிது. பாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டுங்கள். 100க்குள் வந்தால் விதைக்கு நல்ல இடம். ஆவணி மாதச் சென்னையில் ஒரு சமையலறை அலமாரி 86 டிகிரி, ஈரம் 70 என்றால் கூட்டுத்தொகை 156. விதைப் பொட்டலத்தைக் காகிதத்தில் மடித்து அங்கே வைப்பதும், வெளியே மழையில் வைப்பதும் நெடுநாள் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் காகித உறையைப் பரிந்துரைக்கும். அவர்களுடைய குளிருக்கு அது சரி. நமக்குக் காற்றுப்புகாத கண்ணாடிப் பாட்டில்தான் சரி. அதிலும் உள்ளே போகும் விதை முன்பே காய்ந்திருக்க வேண்டும். ஈர விதையைக் காற்றுப்புகாமல் மூடுவதைவிட மோசமான காரியம் இல்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க வீட்டில் ஒரு சோதனை உண்டு. உப்புத்தூளை வாணலியில் வறுத்து ஆறவைத்து, காய்ந்த பாட்டிலில் கொஞ்சம் விதையோடு போட்டுக் குலுக்கி, சற்று நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதையில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. இது தேர்வில் முதல் கட்டம்தான். 8 சதவீதத்துக்குக் கொண்டுவர ஈரம் உறிஞ்சும் பொருள் வேண்டும். சிலிக்கா ஜெல் கிடைத்தால் விதையின் எடைக்குச் சமமாக எடுத்துத் துணியில் முடிந்து பாட்டிலுக்குள் போட்டு ஒரு வாரம் விடலாம். நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகிவிடும். எலுமிச்சை பிழிந்த சங்குப்பூத் தேநீர் நிறம் மாறுவதற்கும் இதற்கும் வேதியியலில் தொடர்பில்லை, ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அந்த நீலம் கோபால்ட் உப்பால் வருவது, நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கிடைக்காத ஊரில் அரிசியைக் கருகாமல் பொன்னிறமாக வறுத்து, மூடிபோட்டு ஆறவிட்டு, அதே போல முடிந்து போடலாம். அடுப்புச் சாம்பலும் ஈரம் உறிஞ்சும். கூடவே விதையைத் துளைக்கும் வண்டையும் நகரவிடாமல் செய்யும். சாம்பலில் புரட்டி விதை வைத்தவர்களுக்கு ஒரே கையில் இரண்டு வேலை நடந்தது.

வண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பயறு வண்டுகள் பல சமயம் கொடியிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும். புழு விதைக்குள் போய்விட்டால் பாட்டிலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளேயிருந்து துளைத்து வரும். நன்றாகக் காய்ந்த விதையை மூடிய பாட்டிலோடு பிரீசரில் சில நாள் வைத்தால் புழு செத்துவிடும். காயாத விதையை இப்படிச் செய்தால் உள்ளிருக்கும் நீர் உறைந்து விதையே செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாட்டிலைத் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரட்டும். குளிர்ந்த விதையின் மேல் நம் ஈரக்காற்று பட்டால் பனி அரும்பும். அத்தனை நாள் உலர்த்திய வேலை ஒரு நிமிடத்தில் போய்விடும்.

எல்லா விதையையும் இப்படி உலர்த்த முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1973இல் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் விதைகளை இரண்டாகப் பிரித்தார்: உலர்வைத் தாங்குபவை, தாங்காதவை. மாவும் பலாவும் இரண்டாவது வகை, காய்ந்தால் செத்தன. பூக்கொடிகளிலும் சில வேறு கணக்கு. மல்லிகையையும் காகிதப்பூவையும் தண்டை வெட்டி வைத்தோ பதியன் போட்டோதான் பெருக்குகிறோம். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையைத் திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கத்து விவசாயிகள் மிகக் கவனமாகக் காயவைக்கிறார்கள். அது விதைப்பதற்காக அல்ல, கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருளுக்காக. பயிர் செய்ய அவர்கள் நடுவது கிழங்கை.

விதையை எடுத்துவைப்பவர் பாட்டிலின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதை ஜப்பானியரிடம் கற்கலாம். அசகாவோ என்று அவர்கள் சொல்லும் மலர்க்கொடி நம் ஊர் வேலிகளில் ஊதாப்பூ விரிக்கும் கொடிகளின் இனம். சீனாவிலிருந்து மருந்து விதையாக ஜப்பானுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில் அதன் விசித்திர வகைகளை வளர்க்கும் மோகம் தலைக்கேறியது. இதழ் கிழிந்து நாராகத் தொங்கும் பூ, பறவைச் சிறகு போலச் சுருண்ட பூ, பூவென்றே நம்ப முடியாத பூ. இவற்றில் மிக விசித்திரமானவற்றில் மகரந்தத்தாளும் சூலகமும் இதழாக மாறியிருக்கும். ஆகவே விதையே பிடிக்காது. பிறகு அடுத்த ஆண்டு அதே பூவை எப்படிப் பெற்றார்கள்? அதன் உடன்பிறந்த சாதாரணச் செடிகளின் விதையைச் சேமித்தார்கள். சாதாரணமாகத் தெரியும் மூன்றில் இரண்டு செடிகள் அந்தக் குணத்தை மறைவாகச் சுமக்கும். அவற்றின் விதைகளில் நாலில் ஒன்று விசித்திரப் பூவாக வரும். எந்தச் செடி சுமக்கிறது என்பது அடுத்த தலைமுறை முளைத்த பிறகே தெரியும் என்பதால், ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்தார்கள். மெண்டல் தன் பட்டாணிக் கணக்கை 1865இல் சொல்வதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தக் கணக்கைப் பெயர் தெரியாமல் கையாண்டிருக்கிறார்கள். மரபணுக்களுக்கு இடையே தாவித்திரியும் டி.என்.ஏ. துண்டுகளே இந்த வினோதங்களுக்குக் காரணம் என்பது 1990களில் தெரியவந்தது. அந்தப் பழைய வகைகள் பலவற்றை இன்று கியூஷு பல்கலைக்கழகம் பாதுகாக்கிறது. எடோவின் தோட்டக்காரர்கள் விதைப்பொட்டலங்களைக் கலந்துவிட்டிருந்தால் பாதுகாக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

கடைசியாக, மூடிய கதவைத் திறப்பது. நன்றாகக் காய்ந்து கெட்டிப்பட்ட சங்குப்பூ விதையை அப்படியே மண்ணில் போட்டால் ஒன்றிரண்டு இந்த வாரம் முளைக்கும், ஒன்றிரண்டு அடுத்த மாதம், சில அடுத்த மழைக்கு. கொடியின் பார்வையில் இது நல்ல ஏற்பாடு. எல்லாம் ஒரே நாளில் முளைத்து ஒரே வறட்சியில் அழிந்துபோகாது. நமக்குப் பொறுமை இல்லை. நகவெட்டியால் விதையின் தோலில் ஒரு சிறு கீறல் போடுங்கள், கண் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே. கண் பக்கத்தில்தான் முளைக்கருவின் வேர்நுனி இருக்கிறது, அங்கே வெட்டக் கூடாது. உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. கீறிய விதையை இரவு ஊறவைத்தால் காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். உப்பாததை எடுத்து இன்னொரு முறை கீறலாம். அதிக விதை இருந்தால், கொதித்து இறக்கிய நீரை ஊற்றி அப்படியே ஆறவிடுவதும் வழக்கம். தோலில் பலவீனமான ஓரிடம் அந்தச் சூட்டில் விரிந்து வழிவிடும். ஆனால் தோல் மூடாத இளம் விதைகள் அதில் வெந்துபோகும், ஆகவே மழைக்கால நெற்றுக்கு இது வேண்டாம்.

தோல் கெட்டியாக இருந்தால் விதை எவ்வளவு நாள் தாங்கும்? வடகிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஓர் ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதை சுமார் 1,300 ஆண்டுப் பழையது என்று கதிரியக்கக் கரிமக் கணக்கில் தெரிந்தது. ஜேன் ஷென்-மில்லரும் அவர் குழுவினரும் அதை முளைக்க வைத்து 1995இல் எழுதினார்கள். அதற்கும் தண்ணீர் புகாத ஓடுதான் காவல். சங்குப்பூவிடம் அத்தனை எதிர்பார்க்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பாட்டிலிலிருந்து பத்து விதை எடுத்து, கீறி, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் மிச்சம் நலமாக இருக்கிறது. ஐந்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டே நட்டுப் புது விதை எடுத்துவிட வேண்டும்.

பாட்டிலில் கொடியின் நிறத்தையும் நெற்று பறித்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். பாதி விதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பாட்டிலில் ஈரம் ஏறினால் அங்கே போய்க் கேட்கலாம்.